ஆன்டிபாடி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? வைரஸ் ஆய்வு குறித்த கேள்வி பதில்

முதுகலை மாணவி: ஒருவரின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) டெங்குவுக்கான ஐஜிஎம் வகை ஆன்டிபாடி இருந்தால், அவர் உடலில் இப்போது வைரஸ் இருக்கிறது என்று முடிவு எழுதலாமா ஐயா?

எழுதக் கூடாது அம்மா. ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்; அதைக் கண்டால், வைரஸை உடல் எப்போதோ சந்தித்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். டெங்குவில் காய்ச்சல் தொடங்கி நான்கைந்து நாட்கள் கழித்தே ஐஜிஎம் பெரும்பாலும் தென்படுகிறது. அதற்குள் ரத்தத்தில் வைரஸ் குறையத் தொடங்கிவிடும், ஐஜிஎம்மோ சில மாதங்கள் வரைகூட நீடிக்கலாம். முதல் நாட்களில் தேட வேண்டியவை வைரஸுக்கே உரிய என்எஸ்1 புரதமும் அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவும்தான். மேலும் டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் நெருங்கிய உறவுடையவை என்பதால், ஒன்றுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி மற்றொன்றின் எலைசாவிலும் (ஆன்டிபாடி இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) நிறம் காட்டிவிடுகிறது. ஐயம் எழும்போது, சுமார் இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளை ஒரே சோதனைத் தட்டில் வைத்துப் பார்த்து, டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) நான்கு மடங்காவது உயர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

கால்நடை மருத்துவர்: எங்கள் மந்தையில் எல்லா மாடுகளுக்கும் கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்று. அனைத்திலும் ஆன்டிபாடி இருக்கும்போது, உண்மையான தொற்றை எப்படிப் பிரித்தறிவது?

என்னைக் கேட்டால், இத்துறையின் மிக அழகான விடைகளுள் ஒன்று இந்தக் கேள்விக்கு உரியது. கோமாரித் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதைத் தயாரிக்கும்போது, வைரஸ் பெருகும் வேளையில் மட்டும் உண்டாகிற கட்டமைப்பு சாராத புரதங்களைச் சுத்திகரித்து நீக்கிவிடுகிறார்கள். எனவே தடுப்பூசி மட்டும் பெற்ற மாட்டில் வைரஸின் வெளிப்புறப் புரத உறைக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். நீக்கப்பட்ட 3ஏபிசி போன்ற புரதங்களுக்கு எதிரானது இருக்காது. வைரஸ் உள்ளே புகுந்து பெருகிய மாட்டில் இரண்டும் இருக்கும். இந்த 3ஏபிசி எலைசாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கோமாரி வைரஸில் ஏழு சீரோடைப்புகள் (ஆன்டிபாடியால் பிரித்தறியப்படும் வகைகள்) இருந்தாலும் இப்புரதங்கள் அவற்றில் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே எந்த வகை பரவினாலும் ஒரே சோதனை போதும்.

ஆனால் ஒரு மாட்டின் முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சுத்திகரிப்பு குறைவான தடுப்பூசியைப் பலமுறை பெற்ற மாடு பொய்யாக நேர்மறை காட்டலாம். தடுப்பூசி பெற்றபின் லேசாகத் தொற்றிய மாட்டில் இந்த ஆன்டிபாடி மிகக் குறைவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட மாடு, அறிகுறி எதுவுமின்றித் தொண்டைப் பகுதியில் 28 நாட்களுக்கு மேலும் வைரஸைச் சுமந்திருக்கக்கூடும். முழு மந்தையின் முடிவுகளையும் இளங்கன்றுகளின் முடிவுகளையும் சேர்த்துப் படித்து, ஐயத்துக்குரியவற்றின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து வைரஸையே தேடுவதுதான் முறை.

பால் பண்ணையாளர்: பிறந்து சில வாரமே ஆன கன்றில் ஆன்டிபாடி நேர்மறை என்று வந்துள்ளது. கன்றுக்கு நோய் வந்துவிட்டதா?

பெரும்பாலும் அது தாயின் ஆன்டிபாடி. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி கடப்பதில்லை. கன்று சீம்பாலில் இருந்தே அதைப் பெறுகிறது. பிறந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் குடல் அதை உறிஞ்சும் திறனை இழந்துவிடுவதால், முதல் சில மணி நேரத்திலேயே சீம்பால் கொடுத்துவிட வேண்டும். இப்படி வந்த ஆன்டிபாடி சில மாதங்கள் கன்றைக் காக்கும். அதே காலத்தில் போடும் தடுப்பூசியின் பலனையும் குறைத்துவிடும். மனிதரில் ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைக் கடந்தே வருகிறது. எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை 18 மாதம் வரை ஆன்டிபாடி சோதனையால் முடிவு செய்யாமல், வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

வனவிலங்கு ஆய்வாளர்: வௌவால் சீரத்தை மனிதருக்கான எலைசா கிட்டில் சோதிக்கலாமா?

கூடாது. அந்தக் கிட்டில் நிறம் காட்ட உதவும் இரண்டாம் ஆன்டிபாடி மனித ஐஜிஜியைப் பிடிப்பதற்கென்றே தயாரானது. போட்டி எலைசாவையோ (சீரத்தின் ஆன்டிபாடி, தெரிந்த ஓர் ஆன்டிபாடியோடு போட்டியிடுவதை அளப்பது) நடுநிலையாக்கச் சோதனையையோ (வைரஸ் செல்களைத் தாக்குவதைச் சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது) பயன்படுத்துங்கள்; இவை விலங்கினத்தைப் பொருட்படுத்துவதில்லை. 2011-ல் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட, மாடுகளைத் தாக்கிய வெக்கை நோயின் கண்காணிப்பில் போட்டி எலைசா பெரும் துணையாக இருந்தது.

மருத்துவ மாணவர்: ஆன்டிபாடியால் தீங்கும் விளையும் என்கிறார்களே?

விளையும். ஒரு வகை டெங்குவால் உண்டான ஆன்டிபாடி, வேறு வகை வரும்போது அதைச் செயலிழக்கச் செய்யப் போதாமல், வைரஸோடு ஒட்டிக்கொண்டு நோயெதிர்ப்புச் செல்லுக்குள் அது நுழைய வழி செய்துவிடும். முன்பு டெங்குவே வராத குழந்தைகளில் ஒரு தடுப்பூசி கடும் நோயின் அபாயத்தைக் கூட்டியது 2017-ல் தெரியவந்தபோது, இந்த அச்சம் ஏட்டளவில் நிற்கவில்லை. பூனைகளின் கொரோனா வைரஸ் ஆய்வுகளிலும் இதே போக்கு காணப்பட்டிருக்கிறது. மறுபக்கமும் உண்டு: 1995-ல் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிக்விட் நகரில் பரவிய எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் செல்லிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி, 2020-ல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

ஆய்வக நுட்புநர்: நடுநிலையாக்கச் சோதனையில், வைரஸ் சேர்க்காத குழிகளிலும் செல்கள் இறந்துவிடுகின்றன. ஏன்?

சீரம் குப்பியின் சீட்டைப் பாருங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு செல்களுக்கு நஞ்சு. இருந்தால் டயாலிசிஸ் செய்து (மெல்லிய சவ்வு வழியாக வடியவிட்டு) நீக்குங்கள். அது இல்லையெனில், சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துக் காம்ப்ளிமென்ட்டை (செல்களைத் தாக்கக்கூடிய சீரப் புரதங்களை) செயலிழக்கச் செய்தீர்களா என்று சரிபாருங்கள். அதன் பிறகும் குறைந்த நீர்ப்பில் (சீரத்தைச் சற்றே நீர்க்கச் செய்த குழிகளில்) செல்கள் இறந்தால், அந்த நீர்ப்பில் கிடைக்கும் முடிவை ஏற்க வேண்டாம்.