நடவு வேலையால் வரும் இடுப்பு வலிக்கு யோகா போதுமா?

மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகும் அம்மாவுக்கு நெடுநாள் இடுப்பு வலி. யோகா செய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். யோகா துணைச் சிகிச்சைதான். ஆனால் நல்ல துணை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பே முயலத்தக்கவற்றுள் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் 2017இல் யோகாவைப் பரிந்துரைத்தது.

குறுவை நடவில் நாளெல்லாம் சேற்றில் குனிந்தே நிற்பவருக்கு, மறுபடி குனியவைக்கும் பாதஹஸ்தாசனம் வேண்டவே வேண்டாம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்பருகே ஊன்றி, தொப்புள் தரையைவிட்டு எழாமல் நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்தும் புஜங்காசனம் பலருக்கு இதமளிக்கும். மூச்சை அடக்கக் கூடாது. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. காணொளியைப் பார்த்துச் செய்வதைவிட அங்கே நேரில் கற்பது எவ்வளவோ மேல்.