தைல மரத்துக்கு எந்தப் பெயரை எழுதுவது?

கேள்வி: கல்லூரி வளாகத்துத் தைல மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். எலுமிச்சை வாசம் வீசும் மரத்தை ஒரு நூல் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா என்கிறது, இன்னொன்று கோரிம்பியா சிட்ரியோடோரா என்கிறது. எது சரி? மற்ற தைல மரங்களை எப்படிப் பிரித்தறிவது? எங்கள் ஊர் சமவெளி.

பதில்: கோரிம்பியா சிட்ரியோடோரா என்றே எழுதுங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் பழைய பெயரும் இருக்கட்டும். எண்ணெய் வியாபாரத்தில் இன்னும் அதுதான் ஓடுகிறது.

1848-இல் இம்மரம் யூகலிப்டஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி, பெயரின் முதற்சொல் அதுதான்) வைத்துத்தான் விவரிக்கப்பட்டது. 1995-இல் ஹில், ஜான்சன் என்ற ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் 113 இனங்கள் கொண்ட கோரிம்பியாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். 2000-இல் புரூக்கர் என்ற தாவரவியலாளர் அவற்றைத் திரும்ப யூகலிப்டஸுக்குள்ளேயே சேர்த்தார். அது பரவலாக எடுபடவில்லை. 2024-இல் இம்மரம் அடங்கிய பிரிவைப் பிளேக்கெல்லா என்ற புதுப் பேரினமாக்கும் முன்மொழிவும் வந்துவிட்டது. இத்தனைக்கும் 'சிட்ரியோடோரா' மட்டும் அசையவில்லை. பேரினப் பெயரைக் கழற்றி மாட்டும்படி தனித் தகட்டில் அடித்தால் செலவு மிச்சம்!

பிரித்ததற்கு மரத்திலேயே சான்று உண்டு. சமவெளி யூகலிப்டஸில் இலைக்கக்கத்திலிருந்து (இலை கிளையோடு சேரும் இடம்) ஒரே காம்பு வரும், அதன் நுனியில் மொட்டுகள் கொத்தாக நிற்கும். எலுமிச்சை வாச மரத்தில் அந்தக் காம்பே கிளைக்கும், ஒவ்வொரு கிளையிலும் பெரும்பாலும் மூன்று மொட்டுகள். காய் குடுவைபோலக் கழுத்து சிறுத்திருக்கும், வெடிக்கும் இதழ்கள் உள்ளே அமுங்கியிருக்கும். யூகலிப்டஸிலும் கிளைத்த காம்புள்ள இனங்கள் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் காம்பை மட்டும் நம்பாமல் காயையும் பாருங்கள்.

வாசத்தையும் இலையையும் வைத்து முடிவுகட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெட்டிய அடிமரத்தில் வரும் மறுதாம்புத் துளிர், எத்தனை வயதான மரமானாலும் கன்றுப் பருவ இலையையே விடும். சிட்ரியோடோராவின் கன்று இலையில் சொரசொரப்பான மயிர் இருக்கும், காம்பு இலையின் அடிப்பரப்பில் ஒட்டியிருப்பதும் உண்டு. முதிர்ந்த இலையில் இரண்டும் இல்லை. ஒரே மரத்திலிருந்து இருவகை இலையையும் பறித்து வந்து இரண்டு மரம் என்று எழுதிவிடுவார்கள்.

'நீலகிரித் தைலம்' என்ற பேச்சை நம்பிச் சமவெளி மரத்துக்கு யூகலிப்டஸ் குளோபுலஸ் என்று பலகை வைப்பது அடுத்த பிழை. குளோபுலஸ் 1843-இல் நீலகிரிக்கு வந்த மரம், குளிர்மலையில்தான் செழிக்கும். அதன் மொட்டு பெரும்பாலும் தனியாக, காம்பின்றி, மருக்களோடு இருக்கும். காய் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம்.

உங்கள் ஊரில் ஆர்.எஸ்.பதி மரம் என்று சொல்வது பெரும்பாலும் யூகலிப்டஸ் டெரிட்டிகார்னிஸ் அல்லது கமால்டுலென்சிஸாக இருக்கும். இரண்டிலும் ஒரு கொத்தில் பொதுவாக ஏழு மொட்டு. டெரிட்டிகார்னிஸ் என்றால் உருண்ட கொம்பு: மொட்டின் மூடி, கீழுள்ள கிண்ணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளும். கமால்டுலென்சிஸில் மூடி குட்டையாகி அலகுபோலக் கூம்பும். ஆனால் நீள மூடியுள்ள கமால்டுலென்சிஸ் துணையினமும் உண்டு. அதனால் விதையைப் பாருங்கள். முற்றிய காய்களைக் காகித உறையில் போட்டு நிழலில் சில நாள் வைத்தால் வெடித்துக் கொட்டும். கமால்டுலென்சிஸ் விதை மஞ்சள், டெரிட்டிகார்னிஸ் விதை கருமை. கூடவே ஏராளமாகக் கொட்டும் மெல்லிய பதரை விதையென்று எண்ணிவிடாதீர்கள்.

மூடி ஒன்றைச் சொல்லி, விதை வேறொன்றைச் சொன்னால் கலப்பினமாக இருக்கலாம். நடவுத் தோட்டங்களில் அது சகஜம். பலகையில் 'யூகலிப்டஸ் கலப்பினம்' என்று எழுதுவதில் குறைவில்லை.

சந்தேகம் தீராவிட்டால் மொட்டும் காயும் உள்ள 30 செ.மீ. கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, தாளை தினமும் மாற்றி உலர்த்துங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம். அடிமரம், நடுமரம் இரண்டின் பட்டையையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். பட்டை எந்த உயரம்வரை உரிந்திருக்கிறது என்பது உலர்ந்த கிளையில் தெரியாது.