ஒற்றைப் பனை ஏன் படத்தில் காணாமல் போகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். பழைய கமரா ஒன்று வாங்கி ஒரு வருடமாகிறது. 18–55, 55–250 மில்லிமீற்றர் என்று இரண்டு லென்ஸ் இருக்கின்றன. வயல் நடுவே நிற்கும் ஒரு பனை, குளத்தில் ஒற்றைக் கொக்கு, களப்பில் தனியே வலை வீசும் ஒருவர் என்று இப்படியானவற்றை எடுக்கத்தான் ஆசை. நேரில் பார்க்கும்போது அவ்வளவு வடிவாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் வெளிதான் மிஞ்சுகிறது. கிட்டப் போய் எடுத்தால் தனிமை போய்விடுகிறது. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: உங்கள் பனைப் படத்தை முதலில் பார்ப்போம். பனைக்குப் பின்னால் ஒரு மின்கம்பம், அதிலிருந்து ஓடும் இரண்டு கம்பிகள், இடப்பக்கம் தண்ணீர்ப் பம்ப் வைத்த தகரக் கொட்டில், அதற்கும் அப்பால் ஒரு உழவு இயந்திரம். அந்த வரம்பில் நின்றபோது இவற்றில் எதையாவது கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். மனசுக்குப் பிடித்தது பனை, கண் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. கமராவுக்கு அப்படி விடத் தெரியாது. பனை சிறியதாக விழுந்ததால் படம் கெடவில்லை. படத்துக்குள் அது தனியாக இல்லை, அதுதான் சங்கதி.

அளவையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுவோம். 20 மீற்றர் உயரமான பனையை 200 மீற்றர் தூரத்தில் நின்று 18 மில்லிமீற்றரில் எடுத்தால், கிடையாகப் பிடித்த படத்தின் உயரத்தில் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. போனின் சாதாரண லென்ஸிலும் கிட்டத்தட்ட அதேதான். நின்ற இடத்தை விட்டு அசையாமல் 55 க்கு சூம் பண்ணினால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். தனித்து நிற்பது எனக்கு ஐந்தில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றுக்குள் இருந்தால் பிடிக்கும். அதற்கு மேல் போனால் அது பனையின் படம், அதற்குக் கீழே போனால் வெளியின் படம். இது என் விருப்பம், சட்டமல்ல.

அளவை விட முக்கியமானது, லென்ஸ் எவ்வளவு பின்புலத்தை அள்ளிக்கொண்டு வருகிறது என்பது. உங்கள் கமராவில் 18 மில்லிமீற்றர் அகலவாக்கில் சுமார் 64 பாகையைப் பிடிக்கும். 100 மில்லிமீற்றர் 13 பாகையைத்தான் பிடிக்கும். 64 பாகைக்குள் கம்பம், கொட்டில், கூரை ஒன்றுமே இல்லாத இடம் இன்றைய வன்னியில் கிடைப்பது அரிது. 13 பாகை சுத்தமான இடம் எந்த வயல்வெளியிலும் கிடைக்கும். ஆகவே 55–250 ஐக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸ் என்று நினைக்காதீர்கள். வரம்பு வழியே பின்னுக்கு நடந்து, தூரத்தில் நின்று, 80 இலிருந்து 135 க்குள் வைத்து எடுங்கள். பனை அதே அளவில் விழும், பின்னாலிருக்கும் சந்தடி வெளியே போய்விடும்.

அப்புறம் பக்கவாட்டாக நகருங்கள். இதைச் சொன்னால் பலர் தலையாட்டுகிறார்கள், செய்வதில்லை. ஒருமுறை ஆவணியில் வவுனிக்குளத்து அலைகரையில் நின்றேன். தண்ணீர் நன்றாக இறங்கி, உள்ளே பட்டமரங்கள் தெரிந்தன. முன்னால் நின்ற பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகு தண்ணீரை உறிஞ்சும் வகை, மூழ்கி எழுந்த பிறகு இப்படிக் காயவைத்தே ஆகவேண்டும். ஆகவே சில நிமிடமாவது அப்படியே இருக்கும். எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் சரியாக வரவில்லை. பிறகுதான் கண்டேன், பின்னாலிருந்த இன்னொரு பட்டமரத்தின் கொப்பு நீர்க்காகத்தின் தலையிலிருந்து முளைத்த கொம்பு மாதிரி நின்றது. இடப்பக்கம் ஏழெட்டு எட்டு வைத்தேன். இரண்டு மரத்துக்கும் நடுவே தண்ணீர் தெரிந்தது. அந்த இரண்டு விரல் அகல இடைவெளிதான் படம். அதற்குள் ஒரு தோணி வர, பறவை பறந்துவிட்டது. துரத்திக்கொண்டு போகாமல் அங்கேயே குந்தியிருந்தேன். இருபது நிமிடத்தில் அதே கொப்பில் வந்து உட்கார்ந்தது. நீர்க்காகம், மீன்கொத்தி, பருந்து எல்லாம் பிடித்த கொப்புக்குத் திரும்பத் திரும்ப வரும். நல்ல பின்புலமுள்ள கொப்பைத் தேர்ந்து காத்திருப்பது, பறவையின் பின்னால் திரிவதை விட எத்தனையோ மடங்கு மேல்.

உங்கள் இரண்டாவது படம் கொக்கு. இங்கேதான் நம்முடைய மண்ணின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வன்னி தட்டையான நிலம். தட்டையான நிலத்தில் அடிவானக் கோடு, உங்கள் கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் எதிரே நிற்கும் ஒவ்வொன்றையும் வெட்டும். கமரா ஒன்றரை மீற்றரில் இருந்தால் அருகில் நிற்பவரையும் ஒன்றரை மீற்றரில் வெட்டும், கால் மைல் தள்ளி நிற்பவரையும் ஒன்றரை மீற்றரில் வெட்டும். பெரிய வெள்ளைக் கொக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம். நீங்கள் நின்றபடி எடுத்ததால் முழுக் கொக்கும் கோட்டுக்குக் கீழே போய், சேற்றோடும் புல்லோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கமராவை 30 சென்ரிமீற்றருக்கு இறக்குங்கள். கோடு அதன் கால்களுக்குள் போகும், உடம்பும் கழுத்தும் வானத்தில் தனியே நிற்கும். ஆளை எடுக்கும்போதும் இதே கணக்குத்தான். நின்றபடி எடுத்தால் கோடு கழுத்தை அறுக்கும். குந்தியிருந்து எடுத்தால் தொடையில் போகும், அவர் நிமிர்ந்து நிற்பார். தூரத்தில் காடு இருந்தால் மரவரி கோட்டை விடக் கொஞ்சம் உயர்ந்து தெரியும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்க வழியும் உண்டு. நம்மிடம் மலை இல்லை, ஆனால் குளக்கட்டு இருக்கிறது. இரணைமடுவோ முத்தையன்கட்டோ, கட்டில் ஏறி நின்றால் அடிவானம் மேலே போய்விடும். கீழே தண்ணீரோ அறுத்த வயலோ ஒரே நிறத்தில் விரிப்பு மாதிரிக் கிடக்கும். அதன் மேல் ஒரு கொக்கு, ஒரு மாடு, வரம்பில் நடக்கும் ஒருவர் போதும். வானத்தைப் படத்துக்குள் விடாமலே எடுக்கலாம். வானம் வெளிறிக்கிடக்கும் நாட்களில் நான் கட்டில்தான் நிற்பேன்.

வெளிச்சம் பற்றி ஒரு விஷயம். நாம் பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். கையை நீட்டி ஒரு முட்டியைப் பிடித்தால் அது சுமார் 10 பாகை. சூரியன் அவ்வளவு ஏற 40 நிமிடம் சொச்சம்தான். அந்த நேரத்துக்குள் வேலை முடியவேண்டும். தை மாதத்தில் ஆறரை மணியளவில் உதிக்கும், ஆனியில் ஆறு மணிக்கும் முன்னே. உதித்த பிறகு வீட்டிலிருந்து புறப்பட்டால் பலனில்லை. முதல்நாள் பின்னேரமே இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நிறம் போவதோடு இன்னொரு தொல்லையும் வரும், கானல். ஆனி, ஆடி, ஆவணியில் காலை ஒன்பது மணிக்கே ஆனையிறவு உப்பு வெளியில் 250 இல் எடுக்கும் எல்லாம் நெளியும். லென்ஸ் சரியில்லை என்று கடையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், அது காற்றின் வேலை. சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். பனையின் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த நேரம் நிழலில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள்.

எக்ஸ்போஷர், அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு, சுருக்கமாக. கமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த தண்ணீரில் வெள்ளைக் கொக்கு என்றால் வெள்ளை வெளுத்து வழியும், ஒரு ஸ்டொப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். வெளிறிய வானத்தில் பருந்து என்றால் அது கரிக்கட்டையாகும், ஒரு ஸ்டொப் கூட்டுங்கள். விடியலில் பனையை நிழலுருவாக எடுக்க வானத்தில் அளந்து பூட்டிவிட்டு எடுங்கள். பறக்கும் பறவைக்கு ஆயிரத்தில் ஒரு செக்கன், நிற்கும் பறவைக்கு 250 இல் ஒன்று போதும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் நின்று லென்ஸ் மாற்றவே வேண்டாம், புழுதி உள்ளே போனால் ஒவ்வொரு படத்து வானத்திலும் புள்ளி விழும்.

இப்போது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். "பக்கவாட்டாக நகருங்கள், பின்னுக்கு நடவுங்கள்" என்று மேலே எழுதினேன். வன்னியில் அதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை, மஞ்சள் நாடா கண்டால் படம் முக்கியமில்லை, திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஆட்கள் வழக்கமாகப் போய் வரும் பாதையை விட்டு இறங்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்ட பிறகே உள்ளே போங்கள். வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் கவனம் வேண்டும். கமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னுக்கு நடக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

தாழ்வாகப் படுத்து எடுப்பதற்கும் இடம் பார்க்கவேண்டும். குளங்களில் முதலை உண்டு. தண்ணீர் விளிம்பில், அதுவும் இருட்டும் நேரத்தில், படுக்கக்கூடாது. கட்டின் கல்லடுக்கில் இருந்து எடுக்கலாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் தனியன் யானையைக் கண்டால் நடந்துபோய் எடுக்க நினைக்கவே வேண்டாம். கூட்டத்தை விடத் தனியன் எதிர்பாராத விதமாகத் திரும்பும். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் வாகனத்தைக் கூட நிறுத்தாமல் விலகுங்கள். சுண்டிக்குளம் 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்காவானது. அங்கே போவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள். முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம்.

மூன்றாவது படம், நந்திக்கடல் கரையில் வட்டுவாகலில் வலை வீசுபவர். மூன்றிலும் இதுதான் நல்ல படம். வலை விரிந்த கணத்தைப் பிடித்திருக்கிறீர்கள், அவர் முன்னால் தண்ணீருக்கு நிறைய இடம் விட்டிருக்கிறீர்கள். வலை போகும் பக்கம் வெளியாக இருப்பது சரி. இடது ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும் பாலத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். ஆனால் ஒன்று கேட்கவேண்டும்: அவரிடம் கதைத்தீர்களா? நந்திக்கடல் பலருக்கு வெறும் தண்ணீர் அல்ல. 2009 இல் அந்தக் கரையால் வந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். போரில் தலை போன மொட்டைப் பனைகளும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது வடிவான ஒரு உருவம், பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஒரு திகதி. எடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் எடுத்திருக்கிறேன். எடுக்குமுன் அது நிற்கும் காணி யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். கேட்டால் பெரும்பாலும் கதை வரும், கதை வந்தால் நிற்கவேண்டிய இடமும் விளங்கும்.

தூரத்தில் முதுகு மட்டும் தெரிய எடுத்தது என்றாலும் அவருடைய படம் அவருடையதுதான். ஸ்டூடியோவில் ஒரு பிரதி கழுவி அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுங்கள். விடிய ஆறு மணிக்குப் போனால் வலையோடு நிற்பார், வெளிச்சமும் அப்போதுதான் நல்லது.