இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில் வந்த ஆங்கிலிக்கத் திருச்சபைகளின் முதல் பெண் பேராயர் (பிஷப்) யார்?

பார்பரா ஹாரிஸ். 1930-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணியான இவர், எண்ணெய் நிறுவனமொன்றில் மக்கள் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டே குடிமை உரிமைப் போராட்டங்களிலும் ஈடுபட்டார். 1974-இல், திருச்சபை அதிகாரபூர்வமாக அனுமதிக்கும் முன்பே 11 பெண்கள் குருப்பட்டம் பெற்ற வழிபாட்டில், சிலுவையை ஏந்தி ஊர்வலத்தின் முன்னே நடந்தவர் இவரே. தாமும் 1980-இல் குருவானார்.

அவரைப் பேராயராக்குவதற்கு, இறையியல் கல்லூரிப் பட்டமில்லாதவர், மணமுறிவு பெற்றவர் என்றெல்லாம் எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பதே பலருக்கு உண்மையான உறுத்தல் என்பது என் கணிப்பு. கொலை மிரட்டல்களுக்கு நடுவே, காவல்துறை அளிக்க முன்வந்த குண்டு துளைக்காத உடுப்பையும் மறுத்துவிட்டு, 1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பேராயத்தின் துணைப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். 2002-இல் ஓய்வுபெறும் வரை அப்பொறுப்பிலிருந்து, ஒருபாலீர்ப்புடையோரின் உரிமைகளுக்காகவும் வெளிப்படையாகப் பேசிவந்த அவர், 2020 மார்ச்சில் காலமானார்.