வில்லின் மேல் கை ஒரே இடத்தில் மடங்குகிறது – பதில்

நீங்கள் செதுக்கும் மர வில்லை இழுக்கும்போது, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மேல் கை (பிடிக்கு மேலுள்ள பாதி) மூட்டுப் போல மடங்குகிறது, அங்கே இன்னும் சுரண்டலாமா என்கிறீர்கள். கூடாது. அந்த இடம்தான் ஏற்கெனவே மெலிந்துவிட்டது. தடிமன் 10 சதவீதம் குறைந்தாலே விறைப்பு சுமார் 27 சதவீதம் போய்விடும்.

முதலில் நாணைக் கழற்றி, உங்களை நோக்கியிருக்கும் உட்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் மரம் நசுங்கிவிட்டது. இனி இழுக்காதீர்கள், உடையும்.

கோடு இல்லையா? பென்சிலால் அந்த இடத்தை வட்டமிட்டுவிட்டு, அதே கையில் அதற்கு மேலும் கீழும் விறைப்பாக நிற்கும் பகுதிகளைச் சுரண்டுங்கள். பிறகு அதற்கு ஈடாகக் கீழ்க் கை முழுவதையும். எல்லாமே உட்பக்கம் மட்டும். இலக்கை நோக்கியிருக்கும் வெளிமுதுகைச் சுரண்டினால் ஆண்டு வளையம் அறுபட்டு, சிராய் கிளம்பும்.

பத்துச் சுரண்டல், பின் 20–30 தடவை மெதுவாக இழுத்து விடுதல். மரம் உடனே மாற்றத்தைக் காட்டாது. அவசரப்பட்டுத்தான் பெரும்பாலோர் அளவு மீறிச் சுரண்டுகிறார்கள். மடிப்பு தென்படும் இடத்தோடு இழுப்பை நிறுத்துங்கள்.

40 பவுண்டு இழுவிசை நினைத்த வில் 30-க்கு இறங்கலாம். நீளம் தாராளமாக இருந்தால் இரு முனையிலும் 2 சென்டிமீட்டர் வெட்டி நாண் பள்ளத்தைப் புதிதாக அறுங்கள், கொஞ்சம் விசை திரும்பும். குட்டை வில்லில் இதைச் செய்யாதீர்கள்.