போம் கவசமும் திருமலை வெயிலும்: கேள்வி பதில்

நாடகத்துக்கும் விழாவுக்கும் போடுகிற விண்வெளிப் போர்வீரன் கவசத்தைப் போம் என்கிற நுரைத் தகட்டில், வீட்டு விறாந்தையில் வைத்தே செய்ய முயல்கிற திருகோணமலைப் பக்கத்தவர்களின் கேள்விகள். பதில் எல்லாம் ஒருவருடையது.

கேள்வி (உவர்மலை): அக்கா, பள்ளிக்கூட நாடகத்துக்கு ஒரு முழுக் கவசம் வேணும். வீட்டில ரெஜிபோம், அதுதான் பெட்டிக்குள்ள வாற வெள்ளை நுரை, நிறையக் கிடக்கு. அதில செய்யலாமா?

பதில்: ரெஜிபோமை விடுங்கோ தம்பி. பசையிலும் ஸ்பிரே பெயின்றிலும் இருக்கிற கரைப்பான் பட்டவுடன் அது உருகிக் குழி விழும். வளைத்தால் உடையும். உங்களுக்கு வேண்டியது ஈ.வி.ஏ. போம். சின்னப் பிள்ளைகள் விளையாட நிலத்தில் விரிக்கிற, பல் கோர்த்த 60×60 செ.மீ. பாய் அதுதான். 10 மி.மீ. தடிப்புள்ளது நெஞ்சு, முதுகு, தோள், தொடைக்கு. விளிம்புப் பட்டைக்கும் மேல் அலங்காரத்துக்கும் 2 முதல் 5 மி.மீ. தாள். மெலிந்த ஆளுக்கு 8 முதல் 10 பாய் போதும். வெட்டும்போது பிழை விட்டால் உதவுமென்று இரண்டைக் கூடுதலாக வாங்குங்கோ. பாயின் சொரசொரப்புப் பக்கம் உள்ளே வரவேணும்.

வெட்டும் கத்தி மழுங்கினால் விளிம்பு பிய்ந்து பல்லுப் பல்லாக வரும். உடைத்துப் பாவிக்கிற அலகுக் கத்தி வாங்கி, அலகுத் துண்டை அடிக்கடி உடையுங்கோ. அலகில் கஞ்சத்தனம் பார்த்தால் மூட்டு ஒன்றும் சேராது.

கேள்வி (கிண்ணியா): இணையத்தில் எடுத்த பற்றனை (வெட்டுவதற்கான அளவுப் படத்தை) அச்செடுத்து அப்படியே வெட்டினேன். முன்கைக் கவசத்துக்குள் கை போகுதே இல்லை.

பதில்: இரண்டு பிழை இருக்கலாம். முதலாவது அச்சு இயந்திரம். தாளுக்குள் அடக்குவதற்காக அது படத்தைச் சுருக்கும். பற்றனில் 10 செ.மீ. கோடு ஒன்று கீறி அச்செடுத்து, அடிமட்டத்தால் அளந்து பாருங்கோ.

இரண்டாவது தடிப்பு. போமை வளைக்கும்போது உள்முகம் நெரிபடும், வெளிமுகம் இழுபடும், நடுக்கோடு மட்டும்தான் நீளம் மாறாமல் நிற்கும். அதனால் கையின் சுற்றளவோடு தடிப்பின் 3.14 மடங்கைக் கூட்டவேணும். முன்கையின் பருத்த இடம் 27 செ.மீ. என்று வையுங்கோ. 10 மி.மீ. போமுக்கு 3.1 செ.மீ. கூடும். உள்ளே போடுகிற உடுப்புக்கும் அசைவுக்கும் இன்னொரு 3 செ.மீ. ஆக 33 செ.மீ. அளவில் வெட்டினால் கை போகும்.

நெஞ்சுக்கும் முதுகுக்கும் இணையப் பற்றனை நம்பவே வேண்டாம். பழைய ரீசேட் ஒன்றைப் போட்டு, அதன்மேல் சாப்பாடு சுற்றும் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, அதற்குமேல் மாஸ்கிங் ரேப்பை முழுக்க ஒட்டச் சொல்லுங்கோ. பேனையால் கோடுகளைக் கீறி, முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றினால் உங்கள் உடம்பின் பற்றன் கையில் இருக்கும். அதை முதலில் காட்போட் மட்டையில் வெட்டி உடுத்துப் பாருங்கோ. கையைத் தலைக்கு மேலே தூக்குங்கோ, கதிரையில் இருங்கோ, ஓட்டோவுக்குள் குனிந்து ஏறுங்கோ. ஓட்டோவில் ஏறமுடியாத கவசம் விழா மண்டபத்துக்குப் போய்ச் சேராது. நெஞ்சுத் தட்டு கடைசி விலா எலும்போடு முடியவேணும். அதற்குக் கீழே இறங்கினால், இருக்கும்போது தட்டு மேலே ஏறித் தொண்டையில் இடிக்கும். கக்கத்தில் 3 செ.மீ. இடம் விடுங்கோ.

கேள்வி (நிலாவெளி): மார்கழியில் ஒட்டின மூட்டெல்லாம் உரிந்து வருது அக்கா. பசை வெள்ளையாய்ப் படிஞ்சிருக்கு. பசை பழசா?

பதில்: பசையில் குற்றம் இல்லை, வாடைக்கால ஈரத்தில்தான். சப்பாத்துத் தைக்கிறவர்கள் பூசுகிற மஞ்சள் பசையைத்தானே பாவிக்கிறீர்கள்? அதன் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படியும். அதுதான் வெள்ளைப் படலம். அதன்மேல் இன்னொரு துண்டை அழுத்தினால் பசையோடு பசை சேராது, நடுவில் தண்ணீர் நிற்கும்.

மழை விட்ட நாளில், காலை 10 மணிக்குப் பிறகு ஒட்டுங்கோ. இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகப் பூசி, 10 நிமிடம் விடுங்கோ. விரல் மொளியால் தொட்டால் பிசுபிசுக்க வேணும், ஆனால் கையோடு இழுபடக்கூடாது. அப்போது நேராகப் பொருத்தி அழுத்துங்கோ. ஒருக்கால் தொட்டால் பிடித்ததுதான், நகர்த்த ஏலாது. அதனால் நீளமான மூட்டை ஒரு முனையிலிருந்து தொடங்காமல், முதலில் இரு முனை, பிறகு நடு, பிறகு இடைவெளிகள் என்று சேருங்கோ. வெள்ளை படிந்த மூட்டை உரித்து, துடைத்து, காயவிட்டு, இன்னொரு பூச்சுப் பூசலாம்.

இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். பின்னேரம் விறாந்தையில் நுளம்புத்திரி எரிய வேலை செய்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கோ. கதவு யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும்.

கேள்வி (மூதூர்): போமைச் சூடாக்கி வளைக்க, சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் இல்லை. தலைமுடி காயவைக்கிற டிரையர் காணுமா?

பதில்: காணாது. வாகனக் கண்ணாடிக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிற கடைகளில் ஹீட் கன் இருக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் கேளுங்கோ. காஸ் அடுப்பில் மட்டும் காட்டவேண்டாம். 10–15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டுங்கோ. மங்கலாக இருந்த போமில் இலேசாக மினுக்கம் வந்தால் மேற்பரப்பின் துளைகள் மூடிவிட்டன. அதோடு நிறுத்துங்கோ. கொப்புளம் எழும்பினால் கருகத் தொடங்கிவிட்டது. தோள் குமிழுக்கு, சூடான துண்டைக் கவிழ்த்த சட்டியின் அடியில் அழுத்தி, ஆறும்வரை ஒரு நிமிடம் பிடியுங்கோ. ஆறமுதல் கையை எடுத்தால் மெல்ல மெல்லப் பழையபடி விரியும்.

கேள்வி (பாலையூற்று): எனமல் பெயின்ற் அடித்தேன். முழங்கையில் வெடித்து உதிருது.

பதில்: எனமல் இறுகும், போம் வளையும். அதுதான் வெடிப்பு. தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையில் அதேயளவு தண்ணீர் கலந்து 4 அல்லது 5 மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. அதன்மேல் அக்ரிலிக். கடைசியாக வார்னிஷ். இல்லாவிட்டால் மழையிலும் வேர்வையிலும் வெள்ளைப் பசை மறுபடி இளகும்.

கேள்வி (அன்புவழிபுரம்): ஒட்டுகிற வெல்க்ரோ நடந்து பத்து நிமிஷத்தில் கழறுது. அழுத்துப் பொத்தான் போட்டால் துரு.

பதில்: கடற்கரை ஊரில் இரும்புப் பொத்தான் அப்படித்தான். வெல்க்ரோவின் பின்பசை உடம்புச் சூட்டில் இளகும். 2.5 செ.மீ. நாடாவில் வெல்க்ரோவைத் தைத்து, நாடா முனையைக் கவசத்தின் உட்புறம் வைத்து, அதன்மேல் 5×8 செ.மீ. போம் துண்டொன்றை அதே மஞ்சள் பசையால் ஒட்டுங்கோ. பூட்டுக்குப் புத்தகப்பை திருத்துகிறவரிடம் பிளாஸ்ரிக் பக்கிள் கேளுங்கோ. தொடைக் கவசம் காலைப் பிடித்து நிற்காது, இடுப்புப் பட்டியிலிருந்து தொங்கவேணும்.

கேள்வி (சீனக்குடா): தங்கச்சி, மகன் தலைக்கவசம் போட்டால் மூச்சு முட்டுது எண்டு சொல்றான். முன் கண்ணாடியும் மூடுபனி மாதிரி.

பதில்: 40 மி.மீ. சின்ன 5 வோல்ற் விசிறி ஒன்றை நாடிக்குக் கீழே, காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி வையுங்கோ அக்கா. சூடான காற்று மேலே போகும். ஆகவே பின் உச்சியில் விரல் நுழையும் துளை குறைந்தது மூன்று வேணும். அது இல்லாமல் விசிறி மட்டும் வைத்தால் அதே காற்றுத்தான் சுற்றும். கண்ணாடியின் உட்புறம் சட்டி கழுவுகிற சவர்க்காரத்தில் ஒரு துளி தேய்த்து, உலர்ந்த துணியால் மினுக்குங்கோ. கச்சான் வீசுகிற வெயில் காலத்தில் 20 நிமிடத்துக்கு ஒருக்கால் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கவேணும். தலையிடி, தலைச்சுற்று, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் முழுவதையும் கழற்றி, நிழலில் உடம்பை நனைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

கேள்வி (உப்புவெளி): கண்ணுக்கு இரண்டு நீல எல்.ஈ.டி. பவர் பாங்கில் கொடுத்தேன், அரை நிமிஷத்தில் அணையுது.

பதில்: ஒவ்வொன்றும் 15 மில்லி அம்பியர்தான் எடுக்கும். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்ததும், போன் கழன்றுவிட்டது என்று நினைத்துப் பல பவர் பாங்குகள் தாமாக அணையும். மூன்று பென் பற்றரி பாவியுங்கோ: 4.5 வோல்ற், நீலத்துக்கு 3.2 போக மீதி 1.3. அதை 0.015 அம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 87 ஓம். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனி 100 ஓம் தடை போடுங்கோ.

கேள்வி (தம்பலகாமம்): கோணேசர் கோவில் பக்கம், சுவாமி மலையில் படம் எடுக்கலாமா?

பதில்: கோட்டை வாசலால்தான் போகவேணும், உள்ளே இன்றும் இராணுவம் இருக்கிறது. விளையாட்டுத் துவக்கு கொண்டுபோகவே வேண்டாம். கோவில் எல்லைக்கு வெளியே, தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டுப் போங்கோ. மேலே காற்றுப் பலமாக அடிக்கும், தோள் கவசத்துக்கு இரண்டாவது நாடா போடுங்கோ. கொண்டுபோன கவசத்தை வெயிலில் நிறுத்தின வானுக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம். அந்தச் சூட்டில் மூட்டுகள் தாமாகத் திறக்கும்.