கோழி, மயில் கண்டால் பாயும் இளம் லாப்ரடோரை எப்படிப் பழக்குவது?

கிளிநொச்சியில் வளரும் உங்கள் பத்து மாத லாப்ரடோர் நாய், வளவுக் கோழியையும் வயலில் மேயும் மயிலையும் கண்டால் கூப்பிடக் கூப்பிட ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காக அடிக்காதீர்கள். சுட்டு விழுத்திய பறவையைச் சேதமில்லாமல் கவ்விக்கொண்டு வர வளர்த்தெடுத்த இனம் இது. துரத்துவது இரத்தத்தில் ஊறிய குணம். அந்த ஓட்டமே அதற்குப் பரிசு என்பதால், ஒவ்வொரு முறை துரத்தும்போதும் பழக்கம் இறுகும்.

ஆகவே துரத்த வாய்ப்பே கொடுக்கக்கூடாது. மார்புப் பட்டியில் 10 மீற்றர் கயிறு கட்டுங்கள். வன்னியில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்: குளங்களில் முதலை, பற்றைக்குள் புடையன் பாம்பு, மிதிவெடி அகற்றி முடியாத காணிகளும் இன்னும் மிச்சம்.

அடுத்தது தூரம். நாய் கோழியைப் பார்த்தபடியே உங்கள் குரலுக்கும் காதசைக்கிற தூரத்தில் நில்லுங்கள். பார்க்கட்டும், இழுக்காதீர்கள். தானாக உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியே "சரி" என்று சொல்லி, அவித்த இறைச்சித் துண்டு ஒன்று கொடுங்கள். உடல் விறைத்து, கண்ணெடுக்காமல் நின்று, இறைச்சியையும் மறுத்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். பின்வாங்குங்கள். நெருங்குவது மெல்ல மெல்ல நடக்கட்டும்.

கவ்வும் ஆசைக்கும் வழி வேண்டும். பழைய துணியை உருட்டிக் கட்டி எறிந்து எடுத்துவரச் சொல்லுங்கள், புல்லுக்குள் ஒளித்துத் தேட விடுங்கள். வெயில் ஏறுமுன் பத்து நிமிடம் போதும். எவ்வளவு பழக்கினாலும் கோழிகளோடு அதைத் தனியே விடாதீர்கள்.